அந்த நாய் எந்தத் தரையில் வளர்ந்தது?

"வீட்டுக்குள்ளேயே அசிங்கம் பண்ணுது டாக்டர். அஞ்சு வயசு ஆயிடுச்சு, இனிமே எங்க பழகப் போகுது?" சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் லேப்ரடாரோடு வந்த தம்பதி இப்படித்தான் ஆரம்பித்தார்கள். நாய் என் மேசைக்கடியில் பதுங்கிக்கொண்டது. மூத்திரத்தில் மூக்கைத் தேய்த்திருக்கிறார்கள், செய்தித்தாளைச் சுருட்டி அடித்தும் பார்த்திருக்கிறார்கள்.

வளர்ந்த நாய் வீட்டை நனைத்தால் முதலில் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்வேன். தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எதுவும் இருக்கலாம். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகூட அதிகம் தண்ணீர் குடிக்க வைக்கும். கருத்தடை செய்த சில பெண் நாய்கள் தூக்கத்தில் தமக்கே தெரியாமல் நனைத்துவிடும். இவற்றுக்கு மருத்துவம்தான் வேண்டும்.

இந்த லேப்ரடாருக்கு ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. சரி, எங்கே வளர்ந்தது என்று கேட்டேன். குட்டி எடுப்பதற்காகக் கூண்டிலேயே வைத்திருந்த இடத்திலிருந்து தத்தெடுத்தார்களாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. மூக்கைப் போலவே பாதமும் நாய்க்கு இடம் காட்டும். சின்ன வயதில் காலடியில் எது இருந்ததோ அதையே தேடும். ஐந்து வருடம் சிமெண்ட் தரையில் மூத்திரம் போன நாய்க்குப் புல்லும் மண்ணும் அந்நியம், ஹாலில் போட்ட டைல்ஸ்தான் பழகிய இடம். தெருவில் வளர்ந்த நாட்டு நாய்களை மண்ணுக்குப் பழக்குவது பெரும்பாலும் எளிது.

அதனால் இதை நேராகப் புல்லுக்கு இழுக்காமல், கார் நிறுத்துமிடத்தின் சிமெண்ட் ஓரத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். மூத்திரம் துடைத்த துணியை அங்கே போட்டு, சில நாள் கழித்துக் கொஞ்சம் மண் தூவி, அப்புறம் மெல்ல மெல்ல மண் தரைக்கு. காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும், பகல் தூக்கம் கலைந்ததும், இரவு படுக்கும் முன்பும். போய் முடித்த நொடியிலேயே, அதே இடத்தில் ஒரு துண்டு கோழிக்கறி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. போகவில்லையென்றால் திரும்பி வந்து பெல்ட்டோடு பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் மறுபடி இறங்க வேண்டும்.

பினாயில் வேண்டவே வேண்டாம். நக்கினால் நாய்க்கு நஞ்சு. நமக்கு வாசனை மறைந்தாலும் அதன் மூக்குக்கு மறையாது. மூத்திர வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது.

அடிப்பதை ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், அடி வாங்கிய நாய் 'வீட்டுக்குள் மூத்திரம் போகக்கூடாது' என்று கற்பதில்லை. 'இவர் கண்ணெதிரே போகக்கூடாது' என்று கற்கிறது. அப்புறம் வெளியே ஒரு மணி நேரம் நடத்தினாலும் அடக்கிக்கொண்டே வரும், ஏனென்றால் பெல்ட்டின் மறுமுனையில் நீங்கள் இருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோபாவுக்குப் பின்னால் போய்விடும். அதைத் திமிர் என்று நினைத்து இன்னொரு அடி. பாவம், அது பயம்.

அந்த லேப்ரடார் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இப்போது மண்ணில்தான் போகிறது. மழை நாளில் மட்டும் இறங்க மறுக்கிறதாம், பால்கனியில் ஒரு தட்டு நிறைய மண் வைத்திருக்கிறார்கள்.