கென்ய அரசுப் பள்ளிகளின் கைக்கணினித் திட்டம்: யாருக்கு, என்ன கிடைத்தது?

2013 தேர்தலில் கென்யாவின் ஜுபிலி கூட்டணி ஒரு வாக்குறுதி கொடுத்தது: அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி. கூட்டணி வென்று உஹுரு கென்யாட்டா அதிபரானார். ஆனால் டெண்டர் தகராறில் சிக்கித் திட்டம் முடங்கியது. 2016இல் மறுபடி தொடங்கியபோது மாணவர்களுக்கு மடிக்கணினிக்குப் பதிலாகக் கைக்கணினி (டேப்லெட்) என்று முடிவாகியிருந்தது. டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் என்பது அதன் பெயர்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கே இது உரியது. கருவிகள் நேரே பள்ளிக்கு வந்து சேர்ந்தன. பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: கைக்கணினி குழந்தையின் சொத்து அன்று, பள்ளியின் சொத்து. வகுப்பில் பயன்படுத்திவிட்டுத் திருப்பி வைத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு வரும் குழந்தைகளுக்கும் அதே கருவிதான்.

மாணவர் கைக்கணினிகளோடு ஆசிரியர்களுக்கு இரண்டு மடிக்கணினிகள், ஒரு புரொஜெக்டர், பாடங்கள் அடங்கிய ஒரு சர்வர், ஒரு ரவுட்டர் ஆகியவையும் தரப்பட்டன. பார்வையற்ற குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் பிரெயில் அச்சுப்பொறியும் தரப்பட்டது. இந்தத் தொகுப்பில் நான் மிகவும் மதிப்பது அந்தச் சர்வரைத்தான். கென்யப் பாடத்திட்ட மேம்பாட்டு நிறுவனத்தின் பாடங்கள் அதில் இருக்கின்றன. ரவுட்டர் அதை வகுப்பறைக் கைக்கணினிகளோடு இணைக்கிறது. இணையமே எட்டாத ஊரிலும் பாடம் நடக்கும். கிராமத்துப் பள்ளியை மனத்தில் வைத்து யோசித்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

மின்சாரமும் அப்படித்தான். கருவிகள் போவதற்கு முன் பள்ளிகளுக்கு மின் இணைப்புக் கொடுக்கும் வேலை விரைவுபடுத்தப்பட்டது. மின்கம்பி போகாத தொலைதூரப் பள்ளிகளுக்குச் சூரிய மின்தகடுகள் வைத்தார்கள். பாகங்களைப் பொருத்திக் கருவிகளை உருவாக்கும் வேலையில் எல்டோரெட்டின் மோய் பல்கலைக்கழகமும் ஜூஜாவின் ஜோமோ கென்யாட்டா பல்கலைக்கழகமும் வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோத்தன. முதலில் 150 பள்ளிகளில் சோதனை. பின்னர் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான கருவிகள் போய்ச் சேர்ந்தன.

போய்ச் சேர்ந்தவை எல்லாம் குழந்தைகள் கைக்கு வந்தனவா என்பது வேறு கேள்வி. திருட்டுக்குப் பயந்து பல பள்ளிகள் அவற்றை அலமாரியில் பூட்டி வைத்தன. பழுதானவை பழுதாகவே கிடந்தன. சில நாள் பயிற்சியோடு வகுப்புக்குத் திரும்பிய ஆசிரியர்கள் தடுமாறினார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. கருவிக்கு ஒதுக்கிய அக்கறையைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். 2017 முதல் படிப்படியாக வந்த புதிய பாடத்திட்டம் டிஜிட்டல் எழுத்தறிவை ஏழு அடிப்படைத் திறன்களில் ஒன்றாக வைத்திருக்கும்போது, பூட்டிய அலமாரி குழந்தையின் படிப்பையே பறிக்கிறது.

பெற்றோர் இதை எங்கே கேட்பது? 2013ஆம் ஆண்டின் அடிப்படைக் கல்விச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் 6 பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. பள்ளியில் எத்தனை கைக்கணினிகள் இருக்கின்றன, எத்தனை வேலை செய்கின்றன, வாரத்தில் எத்தனை மணி நேரம் குழந்தைகள் கையில் இருக்கின்றன என்று அவர்கள் வழியாகத் தலைமையாசிரியரைக் கேட்கலாம்.