‘லைட் டியூட்டி’ என்று சொல்லி ஏற்காட்டுக்கு அனுப்பாதீர்கள்

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் லாரி டிரைவர்கள் நிறைய, சங்ககிரி பக்கமிருந்தும் வருவார்கள். ரோட்டில் மோதி அடிபட்டவர்களைவிட, நின்ற வண்டியில் அடிபட்டவர்கள்தான் என் நினைவில் அதிகம். கயிறு இழுக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டவர், கேபினிலிருந்து குதித்து முட்டி போனவர், இப்படி.

இந்த வருடம் வந்த ஒருவருக்கு 43 வயது. செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை ஏற்றிய வண்டிக்குத் தார்ப்பாய் போடும்போது வழுக்கி விழுந்து, இடது குதிகால் எலும்பு உடைந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து டாக்டர் சீட்டில் ‘லேசான வேலை செய்யலாம்’ என்று ஒரே ஒரு வரி. முதலாளியும் மனசு வைத்து, "லாங் வேண்டாம்பா, லோக்கலே ஓட்டு" என்று ஆறு சக்கர வண்டியில் சிமெண்ட் ஏற்றி ஏற்காட்டுக்கு அனுப்பினார். கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அங்கே இருப்பது 20 கொண்டை ஊசி வளைவு. பெங்களூர் ரோட்டில் டாப் கியரில் போகும்போதாவது இடது கால் கொஞ்சம் சும்மா இருக்கும், மலையில் வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதித்தே ஆக வேண்டும். பத்தே நாளில் கால் வீங்கித் திரும்பி வந்தார். "லைட் டியூட்டிதானுங்க மேடம் பார்த்தேன்" என்றார்.

எடை மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து கிளட்ச் மிதிப்பதுபோல அழுத்தச் சொன்னேன். முதல் ஐந்து தடவை முள் 20 கிலோவைத் தொட்டது. பதினைந்தாவது தடவை 12க்கு மேல் ஏறவில்லை, தொடை நடுங்குகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மிதிக்கப் பார்க்கிறார். நான்தான் நிறுத்தினேன். இந்தக் காலோடு லோடு வண்டியை மலையிலிருந்து இறக்கியிருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டிரைவர் அண்ணன்மாரே, சீட்டில் ‘லேசான வேலை’ என்று மட்டும் இருந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எத்தனை கிலோ தூக்கலாம், லோடு மேல் ஏறலாமா, கிளட்ச் மிதிக்கலாமா, எத்தனை வாரம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரையையும் கேளுங்கள். ட்ரமடால், பிரிகாபலின் மாதிரி வலி மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும்.

முதலாளிகளுக்கு ஒன்று. வண்டி ஓட்டாத வேலை உங்களிடமே இருக்கிறது. புக்கிங் ஆபீசில் போன் பார்க்கலாம், இ-வே பில் சரிபார்க்கலாம், டயர் காற்று, பேப்பர் தேதி எல்லாம் பார்க்கலாம், புதுப் பையன்களுக்கு ரூட் சொல்லித்தரலாம். இருபது வருடம் ஓட்டியவருக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்?

சரி, ஏன் அவசரப்பட்டு வண்டி ஏறுகிறார்கள்? நடை போனால்தான் பேட்டா, வீட்டில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. ஆனால் சட்டம் அப்படி விட்டுவிடவில்லை. 1923ஆம் வருட இழப்பீட்டுச் சட்டப்படியே, வேலையில் அடிபட்டு தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அரை மாதத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து வருடம் வரை. 2020இல் வைத்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 3,750, மாதம் 7,500. குறைந்த சம்பளத்தில் லேசான வேலைக்குத் திரும்பினாலும் உரிமை உடனே போய்விடாது, பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்துக்குள் அது தொடரும். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இழப்பீட்டு உரிமை இருக்கிறது. இஎஸ்ஐ இருந்தால் கணக்கே வேறு, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் அங்கே கிடைக்கும். வண்டி இன்சூரன்ஸிலும் டிரைவருக்கான பொறுப்பு சேர்ந்தே இருக்கிறது, முதலாளிகள் பயப்பட வேண்டாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். ஆஸ்பத்திரியில் ‘வீட்டில் விழுந்துட்டேன்’ என்று சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. லோடு மேலிருந்து விழுந்தது என்றே பதியச் சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். இழப்பீடு கேட்க இரண்டு வருடம்தான்.

அரசு பஸ் டிரைவருக்குக் கால் போனால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி வேலையை விட்டு எடுக்க முடியாது, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தரவேண்டும். லாரி டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதே கால்தானே, அதே கிளட்ச்தானே! எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

குதிகால் உடைந்த அந்த டிரைவருக்காக முதலாளியிடம் நானே போனில் பேசினேன், காது கொடுத்துக் கேட்டார். இப்போது டிரைவர் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். முப்பது தடவை மிதித்தும் முள் 25க்குக் கீழே வராமல் இருக்கட்டும், அப்புறம் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாவி வாங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை 22 வரை வந்தார்.