யாரும் வாசிக்காத கீழ் ஸ்வரம்

திருமங்கலத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "கிரைண்ட்கோர்னு ஒரு இசை கேக்குறேன் சார், ரூம்ல ஒருத்தனுக்கும் பிடிக்கல. நாலு பேர்தான் வாசிக்கிறாங்க, ஆனா நெஞ்சுல வந்து இடிக்குது. எப்படி?" ரூம்காரர்களை விடுங்கள், கேள்வி அருமையானது.

வரலாற்றை வேகமாகத் தாண்டிவிடுவோம். பங்க் என்ற ராக் இசையின் அவசரமும் மெட்டல் என்ற இன்னொரு ராக் இசையின் கனமும் 1980-களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கம் கலந்து பிறந்தது இது. நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' ஆல்பம் 1987-ல் வந்தது. அதில் 28 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதிலும் ஒன்று 1.316 விநாடிதான், உலகிலேயே மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸில் ஏறிவிட்டது. டிரம்ஸில் அவர்கள் அடிப்பதற்கு பிளாஸ்ட் பீட் என்று பெயர். நிமிடத்துக்கு 200 தாளம், ஒவ்வொரு தாளத்துக்குள்ளும் கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என்று மாறி மாறி விழுந்தால் விநாடிக்குப் பதின்மூன்று அடி. விநாடிக்கு இருபதைத் தொட்டுவிட்டால் நம் காது தனித்தனி அடிகளை விட்டுவிட்டு ஒரே சுருதியாகக் கேட்க ஆரம்பித்துவிடும். பதின்மூன்றை எண்ணவும் முடியாது, சுருதியாகவும் சேராது. அந்த இக்கட்டில்தான் கேட்பவனை நிறுத்தி வைக்கிறார்கள்.

சரி, நெஞ்சில் இடிப்பது? அங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது.

ஆடி மாசம் மாரியம்மன் கோயிலுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரைக் கேட்டிருப்பீர்கள். மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயர் குமிழை முழுக்கத் திருகியதும் பாட்டு கரகரவென்று உடையும் இல்லையா, அதுதான் டிஸ்டார்ஷன். ஆம்ப்ளிஃபயரால் தன் மின்னழுத்தத்தைத் தாண்டிப் போக முடியாது, அதனால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. நமக்கு இது கோளாறு, மெட்டல்காரர்களுக்கு இதுதான் வாத்தியமே. ஏனென்றால் வெட்டுப்பட்ட அலையில் உள்ளே போகாத அலைவெண்கள் புதிதாக முளைக்கின்றன. ஒரே சமயத்தில் இரண்டு ஸ்வரம் உள்ளே போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் சேர்ந்தே வெளியே வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டாரின் தடித்த கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 82 அதிர்வு. அதை ச என்று வைத்தால் அதன் ப 123. கழித்தால் 41. முதலாவதை இரட்டித்து 123-ஐக் கழித்தாலும் 41. கூட்டினால் 205, அதுவும் 41-இன் ஐந்து மடங்கு. எப்படிப் புரட்டினாலும் 41-இன் குடும்பம்தான் வருகிறது, அந்த 41 என்பது ச-வுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி இருக்கும் இடம்! கிட்டார்காரர் அதை வாசிக்கவே இல்லை, ஆம்ப்ளிஃபயர் வாசிக்கிறது. கம்பியைத் தளர்த்தி சுருதியைக் குறைத்தால் அது இன்னும் கீழே இறங்கும், அதனால்தான் இந்தக் குழுக்கள் கம்பியை அப்படித் தொங்கவிடுகின்றன. நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் காரியம் கெட்டுவிடும், கிட்டாரின் காந்தாரம் சுத்தமான 5:4 விகிதத்தைவிடக் கொஞ்சம் தூக்கலானது, கழித்து வரும் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடித்துக்கொள்ளும். ஆகவே ச, ப மட்டும். பவர் கார்ட் என்கிறார்களே, அது இவ்வளவுதான், நம் தம்பூராவில் கட்டியிருக்கும் அதே இரண்டு ஸ்வரங்கள்.

தம்பூராவில் கம்பிகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டை வளைவாக இருப்பதால் அதன் நாதத்தில் என்ன நடக்கிறது என்று சி.வி. ராமன் நூறு வருடங்களுக்கு முன்பே உட்கார்ந்து ஆராய்ந்தார். இன்றைக்கு நம் பிள்ளை ஒருத்தி குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பை ஆராயப் பணம் கேட்டால், இதனால் என்ன பயன் என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள். எனக்கு அதில் கடுப்பு உண்டு.

அப்புறம் அந்தக் குரல். மாணவர் அதைக் கேட்கவில்லை, ஆனால் அவர் வீட்டில் கேட்பார்கள், பேய் பிடித்தவன் மாதிரி கத்துகிறானே என்று. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு எல்லோருக்கும் இருக்கிறது, சாதாரணப் பேச்சில் அது சும்மா கிடக்கும். உறுமும்போது அதுவும் சேர்ந்து அதிர்கிறது. சைபீரியாவின் துவா பகுதியில் ஆடு மாடு மேய்ப்பவர்கள் பாடும் கார்கிரா என்ற தொண்டைப் பாட்டில் இந்த மடிப்புகள், குரல் நாண் இரண்டு முறை அதிர்வதற்குள் ஒரு முறை அதிர்கின்றன. ஆக, பாடுகிற சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல்! ஆம்ப்ளிஃபயர் செய்த அதே வேலையைத் தொண்டையும் செய்கிறது. சாமியாடும்போது வருகிற கட்டைக் குரலுக்கும் நம் தொண்டைக்குள்ளேயே கருவி இருக்கிறது, முனியோ காட்டேரியோ வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஹெட்போனில் கேட்டால்தான் 41 ஹெர்ட்ஸ் ஒழுங்காகக் கேட்கும், செல்போன் ஸ்பீக்கருக்கு அந்தச் சக்தி கிடையாது. சத்தத்தை மட்டும் பாதியில் வையுங்கள் தம்பி.