டிரெய்லர் பிரேக்: டிரம்மைக் கழற்றாமல் தேய்மானம் தெரியாது

பயண டிரெய்லரைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்களிடம் பிரேக் எப்படி என்று கேட்டால், "நல்லாத்தான் பிடிக்குது" என்பார்கள். எந்த பிரேக் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. இழுத்துச் செல்லும் வண்டியின் பிரேக் வலுவாக இருந்தால், பின்னால் வருவது பாதி செத்திருந்தாலும் ஓட்டுபவருக்கு உடனே தெரியாது. போதாக்குறைக்கு டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலரில் கெயினை, அதாவது எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்ற அளவை, கூட்டிக்கொள்ளும் வசதி வேறு. பிடிப்பு குறைந்தது போல இருந்தால் ஒரு புள்ளி கூட்டுவார்கள், சில மாதம் கழித்து இன்னொரு புள்ளி. சுமை அதே சுமையாக இருந்து கெயின் மட்டும் ஏறிக்கொண்டே போனால், உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது, அல்லது வயர் இணைப்பில் துரு ஏறியிருக்கிறது. நான் முதலில் கேட்பது கெயின் எண்ணைத்தான்.

இங்கே சொல்வதெல்லாம் எலக்ட்ரிக் டிரம் பிரேக் பற்றி. நீங்கள் பெடலை மிதித்ததும் கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்புகிறது. சக்கரத்துக்குள் இருக்கும் மேக்னட், சக்கரத்தோடு சுழலும் உருளையான டிரம்மின் தட்டையான உள்முகத்தில் ஒட்டிக்கொண்டு அதோடு கொஞ்சம் இழுபடுகிறது. அந்த இழுப்பு ஒரு கையை நகர்த்தி, லைனிங் எனும் உரசல் பட்டை ஒட்டிய வளைந்த ஷூக்கள் இரண்டையும் விரித்து டிரம்மின் சுவரில் அழுத்துகிறது. ஆக, தேய்கிற இடம் இரண்டு: மேக்னட்டின் முகமும் லைனிங்கும். லைனிங்கை மட்டும் பார்த்துவிட்டு டிரம்மை மூடுபவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. கொஞ்ச தூரம் ஓட்டி, பலமுறை பிரேக் போட்டு நிறுத்தியதும், ஒவ்வொரு டிரம்மின் சூட்டையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே பிரேக் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் ஷூ உரசிக்கொண்டே வருகிறது, அல்லது பேரிங் போகப்போகிறது. இது எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும், எவ்வளவு தேய்ந்தது என்று காட்டாது. பின்தட்டின் அடியில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். அது ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் சக்கரத்தைத் திருப்புவதற்கான துளை. லைனிங்கை அதன் வழியாக ஒழுங்காக அளக்க முடியாது.

சரி, தூக்க வேண்டியதுதான். டிரெய்லர் வண்டியோடு கொக்கியில் மாட்டியே இருக்கட்டும். மறுபக்கச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். ஜாக்கியை ஆக்சில் குழாயின் நடுவில் கொடுத்துத் தூக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆக்சில் வளைந்துவிடும். சட்டத்துக்கு அடியில், தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டிரம் வெளியே வராமல் அடம்பிடித்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். டிரம்மில் விழுந்த விளிம்பில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்; அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடையுங்கள்.

லைனிங் மிக மெலிந்த இடத்தில் 1.6 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் மாற்ற வேண்டும். அதற்குக் கொஞ்சம் மேலே, 2 மில்லிமீட்டரில் நின்றாலும் நான் திரும்பப் போட மாட்டேன், அடுத்த நீண்ட பயணம் வரை அது தாங்காது. முன்பக்க ஷூவில் லைனிங் நீளம் குறைவாக இருப்பதைப் பார்த்து "தேய்ந்துபோச்சு" என்று பயப்படுபவர்கள் உண்டு. அதன் அமைப்பே அப்படி. லைனிங் மேல் மயிரிழை போன்ற வெடிப்புகளும் சூட்டில் வருபவைதான், அதற்காக மட்டும் புது ஷூ வாங்க வேண்டியதில்லை. யாராவது அதைக் காட்டி விற்கப் பார்த்தால் அளவுகோலைக் கேளுங்கள்.

கிரீஸ் பட்ட லைனிங் கதை வேறு. எவ்வளவு தடிமன் மிச்சம் இருந்தாலும் அது குப்பைக்குத்தான். லைனிங் உறிஞ்சிய கிரீஸைக் கழுவி எடுக்க முடியாது. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஆர்வக்கோளாறு. ஆக்சில் முனையில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதே என்று சக்கரத்தைச் சுற்றாமல் கிரீஸ் துப்பாக்கியால் வேகமாக அடிப்பார்கள். கிரீஸ் பின்பக்கத்தில் அதைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலைத் தாண்டி டிரம்முக்குள் கொட்டிவிடும். சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் புதிதும் அதே கதிதான்.

இனி மேக்னட். நேரான இரும்பு அளவுகோலை அதன் முகத்தில் வைத்துப் பாருங்கள், தட்டையாக இருக்க வேண்டும். ஒருபக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அதைப் பிடித்திருக்கும் கையும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. புது மேக்னட் போட்டாலும் சாய்ந்தேதான் தேயும். முகத்தின் வழியே செப்புச் சுருள் தெரிய ஆரம்பித்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் அந்த ஆக்சிலின் இருபக்கமும் சேர்த்து. ஒன்று புதிது, மற்றது பழையது என்றால் பிரேக் ஒருபக்கம் இழுக்கும். மல்டிமீட்டர் இருந்தால் வயர்களைக் கழற்றி மின்தடையையும் பார்த்துவிடுங்கள். 10, 12 அங்குல பிரேக்குகளில் சுமார் 3 ஓம் வரும். பூஜ்ஜியத்துக்குப் பக்கம் என்றால் உள்ளே ஷார்ட், எதுவுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது.

டிரம்மில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடுகள் இருந்தால் அளந்து பார்க்க வேண்டும். தேய்மானம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் கடைசல் பிடிக்கலாம், ஆனால் டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தை மீறக் கூடாது. மேக்னட் உரசும் முகத்தையும் மறக்காதீர்கள். அது பள்ளம் பள்ளமாக இருந்தால் புது மேக்னட் சீக்கிரம் போய்விடும்.

மாட்டிய பிறகு அட்ஜஸ்ட் செய்வது எளிது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, திருப்பக் கஷ்டமாகும் வரை அட்ஜஸ்டரை இறுக்கி, அப்புறம் லேசான உரசல் சத்தத்தோடு தாராளமாகச் சுற்றும் வரை தளர்த்துங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை இல்லையென்றால் புது ஷூவுக்கு முதல் 300 கிலோமீட்டரிலும், பிறகு சுமார் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் இதைச் செய்யலாம். வருடத்துக்கு ஒருமுறை டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள், பேரிங்கையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

புது ஷூவும் மேக்னட்டும் முதல் நாளே முழுப் பிடிப்பு தராது. மணிக்கு 65 கிலோமீட்டரிலிருந்து 30-க்கு, 20 முதல் 30 முறை, இடையில் ஆறவிட்டு, பிரேக் போட்டுப் பழக்க வேண்டும். கெயினை அதற்குப் பிறகு வையுங்கள். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுபோனால் தானாக பிரேக் போடும் அவசர சுவிட்ச்சின் பின்னை இழுத்துப் பார்க்கும்போது டிரெய்லர் பிளக்கை வண்டியிலிருந்து உருவிவிடுங்கள், இல்லையென்றால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். தூக்கி வைத்த சக்கரம் கையால் சுற்றாமல் நின்றால் சரி, உடனே பின்னைத் திரும்பச் சொருகுங்கள். நீண்ட நேரம் விட்டால் மேக்னட் சூடாகும், பேட்டரியும் இறங்கும். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கி, கிளம்பிய பிறகு 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி சரிபாருங்கள்.