செயற்கை இரையில் முள் மாற்றுதல்: அரை கிராமுக்குள் நடக்கும் இயற்பியல்

அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பகுதியில் உள்ள டேபிள் ராக் ஏரியில் குளிர்காலத்தில் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள், நான்கைந்து அங்குல நீளமுள்ள ஒல்லியான பிளாஸ்டிக் மீன் ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி எறிந்து, இரண்டு முறை வெட்டி இழுத்துவிட்டு, பிறகு பல நொடிகள் கையை அசைக்காமல் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் இரை மேலெழும்பவும் கூடாது, அமிழவும் கூடாது. குளிரில் மந்தமாகிவிட்ட பாஸ் துரத்திப் பிடிக்க விரும்பாது. கண்ணெதிரே அந்தரத்தில் அசையாமல் நிற்கும் இரையைத்தான் மெல்ல நெருங்கி வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். இவ்வாறு நிற்கும் இரைகள் ஆலைகளிலிருந்து வருவதற்கு முன்பு, அப்பகுதி மீன்பிடிப்பாளர்கள் மிதக்கும் இரைகளை வாங்கி, அவற்றில் தொங்கும் தூண்டில் முள்ளின் காம்பில் ஈயக் கம்பியைச் சுற்றித் தாங்களே எடையைச் சரிசெய்துகொண்டார்கள். முள் என்பது இரையின் எடைக்கணக்கில் அடங்கிய உறுப்பு என்பதை அவர்கள் கைப்பழக்கத்திலேயே அறிந்திருந்தார்கள்.

துருவேறிய முள்ளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். பாஸ் இரைகளில் வழக்கமாக இருப்பது, ஒரே காம்பிலிருந்து மூன்று கூர்கள் நங்கூரம்போல விரியும் மும்முள். 14 கிராம் எடையுள்ள ஓர் இரை நீரில் அந்தரமாக நிற்கிறது என்றால், ஆர்க்கிமிடீசு விதிப்படி அது 14 கிராம் நீரை விலக்குகிறது என்று பொருள். அதில் மூன்று மும்முட்கள் இருப்பதாகவும், பழையதைவிட ஒவ்வொன்றும் 0.2 கிராம் கூடுதலான தடித்த முட்களை மாட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். கூடும் எடை 0.6 கிராம். எஃகு நீரைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு அடர்த்தி உடையதாதலால், அந்தக் கூடுதல் எஃகு விலக்கும் நீரைக் கழித்தாலும் அரை கிராமுக்கு மேல் மிஞ்சும். அவ்வளவு போதும், நின்ற இரை அமிழத் தொடங்கிவிடும். நீரின் வெப்பநிலை இரையின் நிலையை மாற்றிவிடும் என்று மீன்பிடிப்பாளர்கள் கவலைப்படுவதுண்டு, அது நியாயமானதே. ஆனால் 25 பாகை செல்சியசிலிருந்து 4 பாகைக்கு நீர் குளிரும்போது அதன் அடர்த்தி சுமார் 0.3 விழுக்காடுதான் கூடுகிறது. 14 கிராம் இரைக்கு அது 0.04 கிராம்தான். பிளாஸ்டிக் உடலும் குளிரில் சற்றுச் சுருங்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், முள்மாற்றம் செய்யும் வேலை இதைவிடப் பல மடங்கு பெரியது.

மிதப்பைவிட நுட்பமானது ஆட்டம். வாய்ப்பகுதியில் சாய்ந்த தகடு பொருத்திய இரையை இழுக்கும்போது, நீர் அத்தகட்டின் இருபுறமும் மாறிமாறிப் பிரிந்து சுழல்வதால் உடல் இடமும் வலமுமாக ஆடுகிறது. பின்லாந்தின் லவுரி ராப்பாலா 1936-இல் தக்கையைச் செதுக்கித் தம் முதல் இரையைச் செய்தபோது தேடியது, அடிபட்ட சிறுமீனின் தள்ளாட்டத்தை ஒத்த இத்தகைய அசைவைத்தான். இந்த ஆட்டத்தில் முட்கள் தொங்கும் குண்டுகளாகச் செயல்படுகின்றன. ஒரு பொருள் தன் அச்சைச் சுற்றித் திரும்புவதை அதன் நிறை எவ்வளவு எதிர்க்கும் என்பது, அச்சிலிருந்து அந்த நிறை இருக்கும் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. வால்முனையில் உள்ள முள், ஆட்டத்தின் அச்சிலிருந்து வயிற்று முள்ளைப்போல இரு மடங்கு தொலைவில் இருந்தால், அதே கூடுதல் எடை அங்கே நான்கு மடங்கு எதிர்ப்பைத் தரும். ஆகவே வாலில் அளவில் ஓர் எண் பெரிய முள்ளை மாட்டினால் துடிப்பான இரையும் சோம்பிப்போகும். வயிற்று முள்ளின் கதை வேறு. அது உடலுக்குக் கீழே தொங்கிப் படகின் அடிக்கட்டைபோல ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துகிறது. அதை மிகவும் இலேசாக்கினால், வேகமாக இழுக்கும்போது இரை பக்கவாட்டில் கவிழக்கூடும். எனவே எடையில் மாறுதல் செய்தே ஆக வேண்டுமென்றால் வயிற்று முள்ளில் செய்வதையும், வாலை இருந்தபடியே விடுவதையும் நான் விரும்புவேன்.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்? கூர்மைக்காகத்தான். முள்ளின் நுனி பாறையிலும் மரக்கட்டையிலும் உரசி மழுங்குகிறது. ஈரத்தோடு பெட்டிக்குள் மூடிவைத்தால் துருவும் சேர்ந்துகொள்கிறது. நுனியின் விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். அதே அழுத்தத்தைத் தர நான்கு மடங்கு விசை வேண்டும். நீளும் தன்மையுள்ள நைலான் நரம்பு வழியாகத் தொலைவிலிருந்து வரும் விசையில் ஒரு பகுதி வழியிலேயே குறைந்துவிடுகிறது. எஞ்சியதை மும்முள்ளில் ஒரே நேரத்தில் பதியும் இரண்டு கூர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. மெல்லிய கம்பியாலான முள் எளிதில் இறங்கும், ஆனால் பெரிய மீன் இழுத்தால் விரிந்துகொடுக்கும். தடித்தது விரியாது, ஆனால் இறங்க வலுவான தூண்டில்கோல் வேண்டும். கூர்மையை அறிய ஓர் எளிய வழி உண்டு. முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து, அழுத்தாமல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல நுனி அங்கேயே பற்றிக்கொண்டு வெண்ணிறக் கீறலை விடும். மழுங்கியது வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். வழுக்கும் முள்ளை அரத்தால் தீட்டலாம்; ஆனால் தீட்டும்போது மேற்பூச்சும் போய்விடுவதால் துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

மாற்றும் வேலை கைக்கு எளியது. முள் நேரடியாக இரையில் பூட்டப்படுவதில்லை. சாவிக்கொத்து வளையம்போன்ற சிறிய இரட்டைச் சுற்று வளையத்தில் தொங்குகிறது. மீன் துள்ளித் தலையை உதறும்போது இரையின் உடல் நெம்புகோலாகி முள்ளைப் பிடுங்கிவிடாதபடி தடுப்பது இவ்வளையத்தின் சுழற்சிதான். நுனியில் பல் உள்ள வளையக் குறட்டால் அதைப் பிரித்து, புதிய முள்ளின் காதை, அதாவது காம்பு முனையிலுள்ள துளையை, பழைய முள்ளுக்குப் பின்னாலேயே நுழைத்துத் தள்ளினால், புதியது சுற்றி உள்ளே வரவரப் பழையது மறுபுறம் தானே வெளியேறும். வளையத்தை ஒருமுறைதான் பிரிக்க வேண்டியிருப்பதால் அது தளர்வதும் குறைகிறது.

எண்களை மட்டும் நம்பி முள் வாங்க வேண்டாம். ஆறாம் எண் நான்காம் எண்ணைவிடச் சிறியது என்பது பொதுவான ஒழுங்கு. ஆயினும் ஒரே எண் உள்ள முட்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் கம்பித் தடிப்பிலும் காம்பு நீளத்திலும் வேறுபடும். பொன் நிறுக்கும் சிறு மின்தராசில் பழையதையும் புதியதையும் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது. இரையின் அடுத்தடுத்த முட்கள் தொங்கும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கோத்துக்கொண்டால், வளைவு அகலமாகவும் காம்பு குட்டையாகவும் உள்ள வகையைத் தேடலாம். பிறகு அந்த ஏரியின் நீரிலேயே, படகின் ஓரத்தில் இரையை முழங்கை ஆழத்துக்கு இறக்கி நரம்பைத் தளர்த்துங்கள். மூக்கு சற்றே தாழ்ந்து, இருந்த இடத்திலேயே நின்றால் எடை சரியாக அமைந்துவிட்டது. மேலே வந்தால் வயிற்று முள்ளின் காம்பில் ஈயக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கீழே போனால் இன்னும் இலேசான முள்ளை எடுங்கள்.