நானோதுகள் கருவியை எப்போது திறக்கலாம்?

மருந்து போன்ற கரிமப் பொருள்களை வாயு ஓட்டத்தில் நானோதுகளாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு துகளாக, மாற்றும் ஆய்வகங்களில், கருவி ஓடும்போதுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். சூடான குழாய், ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம், தீப்பிடிக்கும் கரைப்பான் எல்லாம் இருக்கும் இடத்தில் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் கருவி மூடியிருக்கும்வரை துகள் உள்ளேதான் இருக்கும். அது நம் மூச்சுக்குள் போக அதிக வாய்ப்பு, நிறுத்திவிட்டுத் திறந்து பொடியை எடுக்கும்போதுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வேலை நடக்கும் விதம் எளிது. மருந்துப் பொருளை எத்தனால் போன்ற ஒன்றில் கரைத்து, நுண்துளிகளாகத் தெளித்து, சூடான நைட்ரஜன் ஓட்டத்தில் விடுகிறோம். சில விநாடிகளில் கரைப்பான் ஆவியாகிவிடும். ஒவ்வொரு துளியிலும் ஒரு துகள் மிஞ்சும். லிட்டருக்கு 1 கிராம் கரைந்த 1 மைக்ரோமீட்டர் துளியிலிருந்து ஏறத்தாழ 100 நானோமீட்டர் துகள் கிடைக்கும். செறிவை எட்டில் ஒரு பங்காக்கினால் துகளின் விட்டம் பாதியாகும். பொருளையே ஆவியாக்கிச் சட்டென்று குளிரவைத்துத் துகளாக்குவது இன்னொரு வழி. சூட்டில் சிதைகிற மூலக்கூறுகளுக்கு அது ஒத்துவராது.

துகள்கள் நெருக்கமாக இருந்தால் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒரு கன சென்டிமீட்டரில் 10 கோடி துகள் இருந்தால், சுமார் 20 விநாடியில் எண்ணிக்கை பாதியாகிவிடும். 1000 கோடி என்றால் 0.2 விநாடியே போதும். அதனால்தான் வாயுவைக் கலந்து நீர்த்து, சீக்கிரம் சேகரிக்கப் பார்க்கிறோம்.

சேகரிப்பதற்குப் பெரும்பாலும் மின்புலத்தால் துகளைத் தட்டில் படியவைக்கும் கருவிதான். அதில் காற்று கலந்தால் இரண்டு கெடுதல். துகளுக்கு மின்னேற்றம் தர அதில் நிகழும் மின்னிறக்கத்தில் ஆக்சிஜன் ஓசோனாக மாறி, நாம் பாடுபட்டுத் தயாரித்த கரிமப் பொருளையே தாக்கும். எத்தனால் ஆவி காற்றில் 3.3 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ஒரு தீப்பொறியே போதும். நைட்ரஜன் ஓட்டத்தை மிச்சம் பிடிக்க நினைக்கவே வேண்டாம். ஆனால் அந்த நைட்ரஜன் அறைக்குள் கசிந்தால் ஆக்சிஜன் குறையும். மணமும் இருக்காது, மூச்சுமுட்டும் உணர்வும் வராது, ஆள் அப்படியே மயங்கி விழுவார். வெளியேற்றும் குழாய் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும், அறையில் ஆக்சிஜன் அலாரம் இருக்க வேண்டும். இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்பதில்லை.

சரி, நிறுத்தும் நேரத்துக்கு வருவோம். பலர் முதலில் மின்னழுத்தத்தை அணைக்கிறார்கள். அப்போது குழாயில் மிதக்கும் துகள் பிடிபடாமல் அப்படியே வெளியேறும். தெளிப்பானைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். வாயு ஓடட்டும், வாயு வெளியேறும் இடத்தில் உள்ள துகள் எண்ணும் கருவி சுழியத்துக்கு இறங்கும்வரை பொறுங்கள். அப்புறம் சூட்டை அணைத்து ஆறவிட்டு, மின்னழுத்தத்தை அணைத்துத் தட்டைத் தரையிணைப்பு செய்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத் திறக்கலாம். பெட்டியின் காற்றிழுப்பு மிகையாக இருந்தால் பொடி சிதறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டில் படிந்திருப்பது மெல்லிய வெண்படலம். உலோகக் கரண்டியால் வேகமாகச் சுரண்டினால் நிலைமின்னேற்றத்தால் பொடி பஞ்சாக எழும்பி, கையுறையிலும் சட்டைக் கையிலும் ஒட்டும். மெதுவாக வழியுங்கள். மிச்சத்தை ஈரத் துணியால் துடையுங்கள். ஊதவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது.

முகக்கவசம் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: துகள் சிறியது, வடிகட்டியில் நுழைந்து போய்விடும் என்று. உண்மையில் வடிகட்டிக்குப் பிடிக்கக் கடினமானவை இடைப்பட்ட அளவுள்ளவை, வடிகட்டியின் வகையைப் பொறுத்து சுமார் 0.05 முதல் 0.3 மைக்ரோமீட்டர். அதைவிட மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஆபத்து கன்னத்தோரத்து இடைவெளியில்தான். முகத்தோடு படியாத கவசத்தால் பயனில்லை.

அறைக் காற்றை அளப்பவர்கள், கருவியை இயக்குவதற்கு முன்பே ஒரு அளவு எடுத்து வையுங்கள். சாதாரணக் காற்றிலேயே கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான துகள் இருக்கும். முன்னளவு கையில் இல்லாவிட்டால், திறக்கும்போது கூடியது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.