‘ஆடிட் முடிஞ்சாச்சு’ என்றால் என்ன அர்த்தம்?

போன வாரம் ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் புகார் மனுக்களின் நகல். அவர்கள் தெருவில் தார்ச்சாலை புதிதாகப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டுவிட்டார்கள் என்பது புகார். மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். கடைசியில், "அந்த வேலைக்கு ஆடிட்டே முடிஞ்சாச்சு சார், இனிமே கிளற முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

இவரும் நம்பிவிட்டார். "ஆடிட்லயே சரின்னு சொல்லிட்டாங்கன்னா நாமதான் தப்பா நினைச்சுட்டோமா சார்?" என்று என்னிடம் கேட்கிறார்.

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியோடு இந்த வருடம் மட்டும் என்னிடம் வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். ஐந்து பேரும் படித்தவர்கள், ஒருவர் வங்கி மேலாளர். ஐந்து பேரையும் வாயடைத்தது இந்த ஒரே வாக்கியம்தான். அதனால் இதை எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தணிக்கை முடிந்தது என்பது நற்சான்றிதழ் கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் மனதில் ஏறுவதில்லை. கல்யாண வீட்டை வைத்துச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்த மறுநாள் சித்தப்பா மொய் நோட்டையும் செலவு நோட்டையும் வைத்துக்கொண்டு உட்காருவார். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. கூட்டல் சரியாக வந்தால் "கணக்கு நேராயிடுச்சு" என்பார். பந்தல்காரருக்கு 40,000 கொடுத்தோம், ரசீது இருக்கிறது. பந்தல் ஒழுகியதா? நோட்டில் இருக்காது. 25,000க்கு வேறொருவர் வந்திருப்பாரா? அதுவும் இருக்காது. பந்தியில் சாம்பார் பத்தாமல் போனது அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. கணக்கு நேராவது ஒன்று, காசுக்கேற்ற பொருள் வந்து சேர்வது இன்னொன்று. மாநகராட்சிக்கு ஆண்டுக் கணக்குத் தணிக்கைச் சான்று கொடுப்பது பெரும்பாலும் முதல் வகை வேலை.

இரண்டாவது வகையும் உண்டு. ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, செய்த வேலையின் அளவை எழுதிவைக்கும் அளவு புத்தகம், பட்டியல் (அதாவது பில்) எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கேள்வி கேட்பது. ஆனால் அதை மாதிரிக்குச் சில கோப்புகளை எடுத்துத்தான் செய்ய முடியும். ஒரு பெரிய மாநகராட்சியில் வருடத்துக்கு எத்தனை ஆயிரம் பட்டியல் பட்டுவாடா ஆகிறது, தணிக்கைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது, 200 வார்டு. அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் தணிக்கையாளர் டேப்போடு வருவார் என்று எதிர்பார்த்தால் நடக்காது. உங்கள் தெருக் கோப்பு அந்த மாதிரியில் வந்ததா என்பதே தெரியாமல் "ஆடிட் முடிஞ்சாச்சு" என்பதற்கு ஒரு பொருளும் இல்லை.

அப்புறம், தணிக்கைத் தடை என்ற சொல். இந்தச் சொல்லே ஆளை ஏமாற்றுகிறது. தடை என்றதும் பணத்தைத் தடுத்து நிறுத்திவிட்டோம், ஒப்பந்ததாரரைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். பணம் போனபின் எழுப்புகிற கேள்விதான் அது. "இந்தச் சாலையில் சுரண்டும் பணிக்குத் தொகை வழங்கப்பட்டுள்ளது; சுரண்டிய கழிவு எங்கே கொட்டப்பட்டது என்பதற்கு ஆவணம் இல்லை; விளக்கம் தேவை." இவ்வளவுதான். பொறியியல் பிரிவு பதில் எழுதும். பதில் சரியாக இருந்தால் நிவர்த்தி. சரியில்லை என்றால் அறிக்கையில் பத்தியாக நிற்கும். பிறகு கூட்டமர்வு என்று ஒன்று நடக்கும், இரு தரப்பும் உட்கார்ந்து பழைய தடைகளைத் தீர்ப்பார்கள். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே எழுப்பிய தடைகளை நான் ஓய்வு பெறும் வருடத்தில் நிலுவைப் பட்டியலில் பார்த்தேன். அந்தக் கோப்பைக் கையாண்ட பொறியாளர் ஓய்வு பெற்று, ஓய்வூதியம் வாங்கி, காலமாகியும்விட்டார். இழப்பை உரியவரிடமிருந்து வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்குக் காலத்தோடு யாராவது பின்தொடர வேண்டும்.

யார் பின்தொடர்வது என்பதில்தான் சுதந்திரமான மேற்பார்வை என்ற பேச்சே வருகிறது.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே முறையில்தான் அவரையும் நீக்க முடியும். அந்த உறுதி இருப்பதால்தான் அரசுக்குப் பிடிக்காததையும் எழுத முடிகிறது. 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றிய அவருடைய அறிக்கையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் மாநகராட்சிகளின் அன்றாடக் கணக்கை முதலில் பார்ப்பது அந்த அலுவலகம் இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகராட்சிக் கணக்குத் தணிக்கையை மாநிலச் சட்டத்தின் கையில் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம், தொழில்நுட்ப வழிகாட்டுதலும் மாதிரி ஆய்வும் செய்யும். நகராட்சி நிர்வாகத் துறைக்கு நாங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை, அது நல்ல விஷயம். ஆனாலும் நாங்களும் அதே அரசின் ஊழியர்கள்தான். நான் இருந்த இடத்தில் தணிக்கைப் பிரிவு மாநகராட்சிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. எங்கள் நாற்காலியும் மின்விசிறியும், கோப்பு எடுத்துத் தருகிற ஆளும் மாநகராட்சியுடையவை. கேட்ட கோப்பு மூன்று மாதம் வராது. வேண்டாத கோப்பு மறுநாளே வந்துவிடும்.

அரசின் கணக்கைச் சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு பார்க்கிறது. நாடாளுமன்றத்தில் அந்தக் குழுவின் தலைவர் 1967இலிருந்து எதிர்க்கட்சிக்காரர் என்பது மரபு. மாநகராட்சி மன்றத்திலும் கணக்கு மற்றும் தணிக்கை நிலைக்குழு என்று ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பதால் மன்றத்தில் பெரும்பான்மை யாரோ, குழுவும் அவர்கள் கையில். அந்த மன்றமாவது எப்போதும் இருந்ததா? சென்னையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மன்றமே இல்லை. ஐந்து வருடத்துக்கும் மேலாக அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. செலவு செய்கிறவரும் தீர்மானம் போடுகிறவரும் ஒரே கையெழுத்து. தணிக்கை அறிக்கையை யார் முன் வைத்து யார் கேள்வி கேட்பது?

நியூயார்க்கில் கம்ப்ட்ரோலர் என்ற நிதிக் கண்காணிப்புப் பதவிக்கு மேயரைப் போலவே மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொரு நகரத் துறையையும் நான்கு வருடத்துக்கு ஒரு முறையாவது அவர் தணிக்கை செய்தாக வேண்டும் என்று நகரச் சாசனத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஒவ்வொரு வருடமும் 30 வேலை நாட்கள் உள்ளாட்சிக் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். பில், ஒப்பந்தம் எல்லாவற்றையும் போய்ப் பார்க்கலாம். அந்த ஊர் வாக்காளர் நேராகத் தணிக்கையாளரிடமே ஆட்சேபம் கொடுக்கலாம். அங்கேயும் தணிக்கை சீர்குலைந்துதான் போனது. 2022-23 கணக்குகளில், குறித்த நாளுக்குள் தணிக்கை முடிந்தவை 467இல் வெறும் 5. ஆனால் ஒரு சாதாரண வாக்காளரின் கேள்விக்குத் தணிக்கையாளர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. என் பணிக்காலத்தில் ஒரு தெருக்காரர்கூட எங்கள் அறைக்கு வந்ததில்லை. அப்படி ஓர் அறை இருப்பது யாருக்கும் தெரியாது.

சரி, அந்தச் செயலாளர் தெருவுக்கு வருகிறேன். அவரோடு போய்ப் பார்த்தேன். பாதாளச் சாக்கடை மூடி, சாலை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே கிண்ணம் மாதிரி கிடந்தது. ஒரு பழைய ஓட்டு வீட்டு வாசலில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். "மூணு படி இருந்துச்சு தம்பி, இப்ப ஒண்ணரைதான். ஐப்பசி மழைக்குத் தண்ணி அடுப்படி வரைக்கும் வந்துருச்சு" என்றார். அந்த ஒன்றரைப் படிதான் சாட்சி. சுரண்டி எடுத்துப் போட்டிருந்தால் படி அப்படியே மூன்றாக இருக்கும்.

இந்த வேலையின் அளவு புத்தகத்தில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே என்னால் ஓரளவு சொல்ல முடியும். எம் புக் என்போம். நீளம், அகலம், கனம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். பழைய தார் சுரண்டியது இத்தனை சதுர மீட்டர் என்று ஒரு வரி, தார்க்கலவை போட்டது இத்தனை கனமீட்டர் என்று ஒரு வரி. உதவிப் பொறியாளர் கையெழுத்து, மேலே உள்ளவர் சரிபார்த்த கையெழுத்து, தேதி. எல்லாம் ஒழுங்காக இருக்கும். கோப்பை மட்டும் பார்க்கிற தணிக்கையாளர் அதோடு தாண்டிப் போய்விடுவார். படியைப் பார்த்தவர் தாண்ட மாட்டார்.

எங்கள் துறையில் பழகியவர்களுக்குச் சில அடையாளம் தெரியும். போட்டியிட்ட மூன்று ஒப்பந்ததாரர்களின் முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் பிணைப் பணம்) வரைவோலை ஒரே கிளையில், அடுத்தடுத்த எண்ணில் இருந்தால் மூவரும் ஒருவரே. ஒரே தெருவை மேற்கு, கிழக்கு என்று இரண்டு வேலையாகப் பிரித்திருந்தால் மேலதிகாரி ஒப்புதலைத் தவிர்க்கத்தான் துண்டாக்கியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். தார் வாங்கிய பில்லின் எண் இன்னொரு வார்டு கோப்பிலும் இருந்தால் ஒரே தாருக்கு இரண்டு சாலை. கனமழை கொட்டிய நாளில் அளவு எடுத்ததாகத் தேதி இருந்தால் வானிலைப் பதிவை எடுத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் பட்டயக் கணக்காளர் படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

"ஆடிட் முடிஞ்சாச்சு" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எந்த ஆண்டுத் தணிக்கை, இந்தக் கோப்பு பார்க்கப்பட்டதா, பத்தி எண் என்ன, பதில் என்ன, நிவர்த்தி ஆனதா நிலுவையா என்று கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் இந்த இரண்டாவது 30 நாளைத் தவறவிட்டுவிட்டு "சட்டம் வேலை செய்யலை" என்கிறார்கள். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

"என் தெருவில் ஏன் சரியாகச் சாலை போடவில்லை?" என்று மனு எழுதாதீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, எம் புக் பக்கங்கள், தார் வாங்கிய பில், தரச் சோதனை அறிக்கை, அந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கை, அதற்கான பதில். இதே சட்டம் கோப்பை நேரில் பார்க்கவும், நடக்கிற வேலையைப் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும்கூட உரிமை தருகிறது. இந்தப் பகுதியை யாரும் பயன்படுத்துவதே இல்லை, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கோப்பு பார்க்க முதல் ஒரு மணி நேரம் கட்டணமும் கிடையாது.

வேலை தொடங்கும் அன்றே படம் எடுத்துவிடுங்கள். வாசற்படியோடு, சாக்கடை மூடியோடு, தேதி தெரிய. முடிந்தபின் எடுக்கும் படத்தில் ஒன்றும் நிரூபிக்க முடியாது. இதை மட்டும் ஒரே ஒருவர் செய்திருந்தால் அந்தச் செயலாளருக்கு ஒன்றரை வருட அலைச்சல் மிச்சம்.

ஒப்பந்தப்புள்ளி விளம்பரத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998இல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது பொது விதி. குறைத்திருந்தால் காரணம் எழுதி மேலதிகாரி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பகுதி சபைக்குப் போங்கள், வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் மக்கள் கூடிப் பேசும் கூட்டம் அது. 2022இல் விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1 முதல் நடக்கிறது. நான் போன கூட்டத்தில் தெருவிளக்கு, நாய், குப்பை மூன்றும்தான் பேசினார்கள். அவை முக்கியம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே "எங்கள் வார்டு மீது நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகள் எத்தனை?" என்று ஒருவர் எழுந்து கேட்டு, அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். குறிப்பில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் கவுன்சிலர் பதிலோடு வந்தாக வேண்டியிருக்கும். கவுன்சிலரைத் திட்டாதீர்கள். பல கவுன்சிலர்களுக்கு அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம் என்பதே தெரியாது, கேட்டு வாங்க அவருக்கு நீங்கள்தான் தெம்பு கொடுக்க வேண்டும்.

அந்தச் செயலாளர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே மனுவை எழுதினார். ஆறு ஆவணம், ஒரு பார்வையிடும் கோரிக்கை, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை. பதிவுத் தபால் ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். 30ஆவது நாள் என்றைக்கு வருகிறது என்று எண்ணிச் சமையலறை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எம் புக் பார்க்க நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரியம்மா வீட்டுப் படியின் உயரத்தை அதற்குள் டேப் வைத்து அளந்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.